பிளாக்பூல்: மப்பு மந்தாரத்துக்குன்னே கட்டின ஊரு

ஆணி ரொம்ப அதிகமாயிட்டதால இந்தப் பக்கம் வந்தே நாளாச்சு. 2024 செப்டம்பர்ல அப்பா அம்மாவக் கூட்டிக்கிட்டு பிளாக்பூல் போன கதையத்தான் எழுத உக்காந்தேன். எழுத எழுத பயணக்கட்டுரை பாதியிலயே கழண்டுக்கிச்சு, வரலாறு வந்து ஒட்டிக்கிச்சு. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கங்க.

நான் அப்போ மான்செஸ்டர்ல ஆன்சைட். அப்பாவும் அம்மாவும் ரெண்டு மாசம் வந்து இருந்தாங்க. அந்த ரெண்டு மாசத்துல நான் அவங்கள உருப்படியா ஒரு இடத்துக்கும் கூட்டிட்டுப் போகல. ரிலீஸ், அப்புறம் ரிலீஸ்ல வந்த பிரச்சனை, அப்புறம் அதச் சரி பண்ண இன்னொரு ரிலீஸ். பொட்டி தட்டுறவங்களுக்கு விளக்க வேண்டியதில்ல. அவங்க ஊருக்குக் கெளம்ப ஒரே ஒரு வாரம் இருக்கறப்போ கெஞ்சிக் கூத்தாடி மூணு நாள் லீவு வாங்கி, பணம் திரும்பி வராத ரூமா ஒண்ணு போட்டேன். போட்ட அன்னிக்கு சாயங்காலம் வானிலை அறிக்கையப் பாத்தா மூணு நாளும் மேகப் படம்தான்.

கூட வேலை பாக்குற வெள்ளைக்காரர் ஒருத்தர்கிட்ட சொன்னேன். துக்கம் விசாரிக்கிற மாதிரி மூஞ்சிய வெச்சுக்கிட்டார். லீவே வீணாப் போச்சேன்னு வருத்தப்பட்டார். எனக்கு வயித்தக் கலக்கிடுச்சு. வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட மென்னு முழுங்கி விஷயத்தச் சொன்னா, அம்மா முகத்துல அப்படி ஒரு நிம்மதி.

"நல்லதாப் போச்சு கண்ணு. வெய்யல்ல போயி ஆரு கடல்ல நிப்பா? மப்பும் மந்தாரமுமா இருந்தாத்தான் நெகுநெகுன்னு இருக்கும்."

யோசிச்சுப் பாத்தா அம்மா சொல்றதுதான நம்ம வழக்கம்? மெரினாவுக்கு யாராவது மத்தியானம் பன்னெண்டு மணிக்குப் போவாங்களா? கிராண்ட் டஃப் கவர்னரா இருந்தப்போ 1884-ல அந்தக் கரையோரத்துல நடைபாதை போட்டு மெரினான்னு பேர் வெச்சார். அங்க நாம போறது காத்து வாங்க. வெயில் தாழட்டும்னு காத்திருந்து போவோம். அப்படின்னா மேகம் வந்தா கடற்கரை நாள் கெட்டுப்போச்சுன்னு ஒரு எண்ணம் இந்த ஊர்க்காரங்களுக்கு எப்போ வந்துச்சு? வருஷத்துல பாதி நாள் மூடிக் கெடக்கிற வானத்த வெச்சுக்கிட்டு, வெயில நம்பி எப்படி ஒரு கடற்கரை ஊரக் கட்டினாங்க?

நம்பிக் கட்டல. அதுதான் விஷயம்.

கடலுக்கு லீவுல போறதுங்கிற பழக்கத்த ஊர் ஊராப் பரப்பினதே இங்கிலாந்துதான். அது உல்லாசமா ஆரம்பிக்கல, வைத்தியமா ஆரம்பிச்சது. ரிச்சர்ட் ரஸ்ஸல்னு ஒரு டாக்டர், உடம்புல வர்ற கட்டிகளுக்கு கடல் தண்ணி மருந்துன்னு 1750-ல லத்தீன்ல ஒரு புத்தகம் எழுதினார். குளிக்க மட்டும் இல்ல, குடிக்கவும் சொன்னார். அதுக்கப்புறம் அவரே பிரைட்டன்ல போய் உக்காந்துட்டார், கூட்டமும் பின்னாடியே போச்சு. அந்தக் காலத்து வைத்தியப்படி தண்ணி எவ்வளவு ஜில்லுன்னு இருக்கோ அவ்வளவுக்கு நல்லது. அதனால விடியக்காலைல, குளிர்காலத்துலகூட முங்கினாங்க. வெயிலுக்கு அதுல ஒரு வேலையும் இல்ல. 1789-ல மூணாம் ஜார்ஜ் ராஜா உடம்பு தேறி வேமவுத் போய்க் கடல்ல முங்கினப்போ, பக்கத்துக் குளியல் வண்டிக்குள்ள ஒளிஞ்சிருந்த பாண்டு கோஷ்டி ராஜ வாழ்த்த வாசிச்சாங்களாம். ஃபேனி பர்னிங்கிற எழுத்தாளர் டைரில எழுதி வெச்சிருக்கார். ராஜா ஜலதோஷத்தோட நின்னிருப்பார், பின்னணி இசை வேற :-)

விக்டோரியா ராணி காலத்துல கடல் தண்ணி போய் கடல் காத்து மருந்தாச்சு. கடல் காத்துல ஓசோன் இருக்கு, அத இழுத்தாப் போதும்னு நம்பினாங்க. அதுக்கும் வெயில் தேவையில்ல. வசதியான வீட்டுப் பொண்ணுங்க வெளுப்பு போயிடக் கூடாதுன்னு குடையும் தொப்பியுமாத்தான் கரையில நடந்தாங்க. அவங்களுக்கு மேகம் வந்தா அம்மா மாதிரியே நிம்மதிதான்.

மேகத்துக்காகவே கடலப் பாத்த ஒருத்தர் பத்தியும் சொல்லியாகணும். ஜான் கான்ஸ்டபிள், ஓவியர். 1802-ல லூக் ஹோவர்ட்னு லண்டன்ல மருந்து தயாரிக்கிறவர் ஒருத்தர் மேகங்கள வகை பிரிச்சு சிர்ரஸ், குமுலஸ், ஸ்ட்ரேட்டஸ்னு பேர் வெச்சார். நாம பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ணினது அவர் வெச்ச பேர்தான். அடுத்த இருபது வருஷத்துல கான்ஸ்டபிள் மேகத்த மட்டுமே தனியா வரைஞ்சு, படத்துக்குப் பின்னாடி தேதி, நேரம், காத்து எந்தப் பக்கம்னு குறிச்சு வெச்சார். கிட்டத்தட்ட லாக் ஃபைல் மாதிரி. 1824-லேருந்து அவர் பிரைட்டனுக்குப் போக வர இருந்தது ஊர் சுத்த இல்ல. மனைவி மரியாவுக்குக் காசநோய், கடல் காத்துல தேறுவாங்கன்னு கூட்டிட்டுப் போனார். அவருக்கு அந்த ஊரையும் கூட்டத்தையும் சுத்தமாப் பிடிக்கல. ஆனா கரையில நின்னு கடல் மேல மழை இறங்குறத ஒரு சின்னப் படமா வரைஞ்சார். கருப்பா நாலஞ்சு கோடு மேலேருந்து கீழ இழுத்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். லண்டன் ராயல் அகாடமில இருக்கு. 1828 நவம்பர்ல மரியா போயிட்டாங்க. அந்தப் படத்தப் பாக்கறப்பல்லாம், ரூம்ல இருமிக்கிட்டு இருக்கிற மனைவிய விட்டுட்டு எவ்வளவு நேரத்துக்கு வெளிய வந்திருப்பார்னு தோணும்.

சரி, பிளாக்பூலுக்கு வர்றேன். பிரைட்டன் ராஜாவும் பணக்காரங்களும் போன ஊருன்னா, பிளாக்பூல் மில்லுக்காரங்க ஊரு. என் கதையும் இங்கதான் ஆரம்பிக்குது.

எங்கப்பா கோயமுத்தூர்ல ஒரு ஸ்பின்னிங் மில்லுல ஃபிட்டர். 1983-ல சேந்தார். 2005-ல மில்ல மூடிட்டாங்க, எனக்கு அப்போ ஒம்பது வயசு. வர வேண்டிய பணத்துக்கு எத்தன வருஷம் அலைஞ்சார்ங்கறது தனிப் பதிவு, இப்போ வேண்டாம். அவர் மெயின்டனன்ஸ் பாத்த பழைய கார்டிங் மிஷின்லயும் ரிங் பிரேம்லயும் இரும்புலயே வார்த்த எழுத்துல ஒரு பேர் இருக்குமாம்: பிளாட் பிரதர்ஸ், ஓல்டாம், இங்கிலாந்து. இருபத்திரெண்டு வருஷம் எண்ணெய்த் துணியால அந்த எழுத்தத் தொடச்சவரு. மான்செஸ்டர் வந்து எறங்கின மறுநாளே என்கிட்டக் கேட்ட முதல் கேள்வி, "ஓல்டுஹாம் இங்கிருந்து எவ்வளவு தூரம்டா தம்பி?" பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர்தான். "கூட்டிட்டுப் போறேன்ப்பா"ன்னு சொல்லி ரெண்டு மாசம் ஓட்டிட்டேன்.

அந்த ஓல்டாம், போல்ட்டன், பிளாக்பர்ன் மில்லுக்காரங்கதான் பிளாக்பூல உண்டாக்கினாங்கன்னு ரயில்ல போறப்போ அப்பாகிட்ட சொன்னேன். அதுவரைக்கும் ஜன்னலப் பாத்துக்கிட்டு இருந்தவர் திரும்பி உக்காந்துட்டார்.

லங்காஷயர் மில் ஊர்கள்ல 'வேக்ஸ் வாரம்'னு ஒண்ணு இருந்துச்சு. மொதல்ல அது ஊர்க் கோயில் திருவிழா. அப்புறம் அதே வாரத்துல மில்ல மொத்தமா மூடி, பாய்லரக் கழுவி, மிஷின ரிப்பேர் பண்ணுற வழக்கமாச்சு. ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு வாரம். அந்த வாரம் ஊரே காலி. 1846-ல பிளாக்பூலுக்கு ரயில் வந்ததும் தெருவுல பக்கத்து வீட்டுல இருக்கிறவங்கதான் கடற்கரையிலயும் பக்கத்துல நின்னாங்க. இந்த வாரம் ஒரு ஊரு, அடுத்த வாரம் இன்னொரு ஊருன்னு முறை மாத்தி வந்ததால பிளாக்பூலுக்குக் கோடை முழுக்க வியாபாரம்.

அப்பா கேட்டார்: "ஏண்டா தம்பி, அந்த ஒரு வாரத்துக்கு இவியளுக்குச் சம்பளம் உண்டாமா?"

கிடையாது. வருஷம் பூரா வாராவாரம் சிறுவாடு சேக்கிற மாதிரி ஒரு கிளப்புல கட்டி, அந்தப் பணத்துலதான் போயிட்டு வந்தாங்க. சம்பளத்தோட லீவுன்னு இங்க சட்டம் வந்ததே 1938-ல. அதுவும் போர் முடிஞ்சப்புறம்தான் எல்லாருக்கும் ஒழுங்காக் கெடச்சது. அப்பா உடனே விரல மடக்க ஆரம்பிச்சுட்டார். "நம்மளுக்கு 48-ஆம் வருஷத்து ஃபேக்டரி சட்டம். இருபது நாள் வேலைக்கு ஒரு நாள். வருஷத்துல எரநூத்தி நாப்பது நாள் வேலை பாத்திருக்கோணும்." யூனியன்ல இருந்த மனுஷன், பிரிவோட நம்பரையும் சொன்னார், எழுபத்தொம்பதாம். அந்த லீவையெல்லாம் என்னப்பா பண்ணுனீங்கன்னேன். கல்யாணம், எடுப்பு, சீர்னு போயிடும்னார். கடலுக்குன்னு அவர் போனது ஒரே ஒரு தடவ, ராமேஸ்வரத்துக்கு. தாத்தா அஸ்தியோட.

இப்போ மேகத்துக்கு வருவோம். உங்க வாரம் எதுன்னு மில்லு சொல்லும். தேதிய நீங்க மாத்த முடியாது. அம்பத்தோரு வாரம் சேத்த பணம் கையில இருக்கு. போய் எறங்கினா மழை. திரும்பிப் போக முடியுமா? தங்கின வீட்டுலயும் உக்கார முடியாது. பிளாக்பூல் வீட்டுக்காரம்மாக்கள் காலைச் சாப்பாடு முடிஞ்சதும் எல்லாரையும் வெளிய தள்ளிக் கதவச் சாத்தினா, சாயங்காலம்தான் தொறப்பாங்கன்னு இன்னிக்கும் ஜோக்கு சொல்றாங்க. அதுலயும் பல வீடுகள்ல நாம வாங்கிக் குடுக்கிற சாமானத்தான் சமைச்சுப் போடுவாங்களாம், மேஜையில வெச்ச உப்பு மிளகுத் தூளுக்குத் தனிக் காசு. அம்மா இதக் கேட்டுட்டு, "உப்புக்குமா?"ன்னு ரெண்டு தரம் கேட்டாங்க.

ஆக, மழைல வெளிய நிக்கிற ஆயிரக்கணக்கான குடும்பம், கையில காசு. அந்த ஊர்க்காரங்க இதப் பாத்துட்டு சும்மா இருப்பாங்களா? 1863-ல நார்த் பியர் போட்டாங்க. படகு ஏறாமலே கடலுக்கு மேல நடந்து காத்து வாங்கலாம். 1878-ல விண்டர் கார்டன்ஸ் தொறந்தாங்க. பேர்லயே குளிர்காலம் இருக்கு. கண்ணாடிக் கூரைக்குக் கீழ செடி கொடி, நடைபாதை, கச்சேரி மண்டபம், எல்லாமே வானம் கெட்டாலும் ஜனம் நனையாம நடக்கணும்னு போட்ட திட்டம். 1879 செப்டம்பர்ல கரையோரத்துல எட்டு மின்சார ஆர்க் விளக்கு ஏத்தினாங்க. எடிசன் பல்புக்குக் காப்புரிமை வாங்கறதுக்கு முந்தியே! அதுக்கு அவங்க வெச்ச பேர் செயற்கை வெயில். எனக்கு இந்த ஊரப் பத்தி ரொம்பப் பிடிச்ச விஷயம் அதுதான். வெயில் வரலையா, சரி, நாமளே செஞ்சுக்கலாம்! 1885-ல மின்சார டிராம். 1894-ல, பாரிஸ்ல ஈஃபில் கோபுரத்தப் பாத்துட்டு வந்த மேயர் பிக்கர்ஸ்டாஃப் தலைமையில 158 மீட்டர் உயரத்துல பிளாக்பூல் டவர். கோபுரம்தான் போட்டோல தெரியும், ஆனா காசு பாத்தது அதோட காலடியில இருக்கிற கட்டடம்: சர்க்கஸ், நடன மண்டபம், மிருகக் காட்சி. உள்ள நுழைய ஆறு பென்ஸ், மேல போக இன்னொரு ஆறு பென்ஸ், சர்க்கஸுக்கு இன்னொரு ஆறு பென்ஸ். மேகமா இருக்கிற அன்னிக்கு மேல போனா ஒரு மண்ணும் தெரியாது. கீழயே நாள் முழுக்க ஓட்டலாம்.

நாங்களும் அதத்தான் பண்ணோம். மொத நாள் காலைல தண்ணி வடிஞ்சிருந்துச்சு. இந்தக் கரையில ஏத்த இறக்கம் ரொம்ப அதிகம், வடிஞ்சா கடல் எங்கயோ தள்ளிப் போயிடுது, ஈர மணல் கண்ணுக்கெட்டின மட்டும் சாம்பல் கலர்ல கெடக்குது. மேல வானமும் அதே கலர். அம்மா செருப்பக் கையில எடுத்துக்கிட்டு ரெண்டு மணி நேரம் நடந்தாங்க. குளிருது வாங்கம்மான்னா காதுலயே வாங்கல.

மத்தியானம் தூறல் போட்டுச்சு. ஒரு மிட்டாய்க் கடைக்குள்ள ஒதுங்கினோம், கண்ணு முன்னாடியே 'ராக்' செய்யுற கடை. ராக்ங்கறது குச்சி மாதிரி இருக்கிற புதினா மிட்டாய். எங்க கடிச்சாலும் உள்ள ஊர் பேர் எழுத்து தெரியும். எப்படி எழுதுறாங்கன்னு நானும் யோசிச்சிருக்கேன். எழுதுறதே இல்ல. தொடை மொத்தத்துக்கு ஒரு பாகு உருளை. அதுக்குள்ள ஒவ்வொரு எழுத்தையும் கலர்ப் பாகுப் பட்டையா அடுக்கி, நடுவுல வெள்ளைப் பாகு அடைச்சு, வெளிய ரோஸ் கலர்ல ஒரு போர்வை. அப்புறம் உருட்டி உருட்டி இழுத்துக்கிட்டே போறாங்க. மொத்தம் கொறையுது, நீளம் கூடுது, எழுத்து மட்டும் கலையாம உள்ளயே சின்னதாயிக்கிட்டே போகுது.

அப்பா கண்ணாடிய மூக்குல ஏத்திவிட்டுக்கிட்டு அசையாமப் பாத்தார். "இது டிராயிங் பிரேம்டா தம்பி. ஸ்லைவரையும் இப்படித்தான் இழுத்து இழுத்து நூலுக்குக் கொண்டாருவோம்." அங்கேயே நின்னு கார்டிங்ல ஆரம்பிச்சு ரிங் பிரேம் வரைக்கும் எனக்கு முழு மில்லையும் ஓட்டிக் காட்டினார். பி.ஈ. முடிச்சு ஆறேழு வருஷமாச்சு, எங்கப்பா என்ன வேலை பாத்தார்னு எனக்கு மொத மொதலா ஒழுங்காப் புரிஞ்சது பிளாக்பூல் மிட்டாய்க் கடையிலதான். வெயில் அடிச்சிருந்தா அந்தக் கடைக்குள்ளயே போயிருக்க மாட்டோம்.

ரெண்டாம் நாளும் மூட்டம். டவர் நடன மண்டபம். ஃபிராங்க் மேட்சம்னு தியேட்டர் கட்டுறதுல பேர் போன ஆள் 1899-ல கட்டினது. உள்ள போனா தங்க முலாம், சித்திரக் கூரை, கண்ணாடிச் சரவிளக்கு. மேடையில ஒருத்தர் ஊர்லிட்சர் ஆர்கன் வாசிக்கிறார், மத்தியானம் ரெண்டு மணிக்கு எழுபது எம்பது வயசு ஜோடிங்க மெதுவா ஆடிக்கிட்டு இருக்காங்க. ஆறு பென்ஸ் குடுத்த தறிக்காரப் பொண்ணுக்கு அரமனை மாதிரி ஒரு இடம்னு நெனச்சுக் கட்டினது. அம்மா டீயக் குடிச்சுக்கிட்டே, "இந்தம்மா காலப் பாருங்க, நம்ம ஆத்தா வயசிருக்கும்"னு அப்பாகிட்டக் காட்டினாங்க. அப்பா பேசவே இல்ல, பாத்துக்கிட்டே இருந்தார்.

இந்த ஊரு எப்படி எறங்குச்சுங்கறதுதான் மிச்சக் கதை. வெயில் மருந்துன்னு புதுசா ஒரு பேச்சு வந்துச்சு. ஒளிய வெச்சு தோல் காசநோயக் குணப்படுத்தினதுக்கு 1903-ல நீல்ஸ் ஃபின்சனுக்கு நோபல் பரிசு குடுத்தாங்க. 1920-கள்ல தோலக் கருக்க வெச்சுக்கிறது நாகரிகமாச்சு. தோட்டத்துல, வயல்ல வேலை பாக்குறவன்தான் கருப்பா இருப்பான்ங்கற காலம் போய், மில்லுக்குள்ளயும் ஆபீசுக்குள்ளயும் அடைஞ்சவன் வெளுப்பா, லீவுல போறவன் கருப்பான்னு தலைகீழாச்சு. கடற்கரை ஊருங்க எங்க ஊர்ல இத்தன மணி நேரம் வெயில்னு போட்டி போட்டு விளம்பரம் பண்ணுச்சுங்க. அத அளக்க ஒரு கருவி, கண்ணாடிக் குண்டு, பின்னாடி அட்டை. வெயில் அடிச்சா அட்டை கருகிக் கோடு விழும், மேகம்னா கோடு இல்ல. மேகம் அன்னிலேருந்துதான் நஷ்டக் கணக்குல ஏறுச்சு. பிளாக்பூலும் 1923-ல பிரம்மாண்டமா ஒரு திறந்தவெளி நீச்சல் குளம் கட்டிச்சு. ஆனா வெயில்தான் சரக்குன்னு ஆயிட்டா ஸ்பெயின்காரன்கிட்ட யாரு ஜெயிக்க முடியும்? 1960, 70-கள்ல மலிவு விலை விமானம் வந்ததும் கூட்டம் அங்க போயிடுச்சு.

அதே சமயத்துல லங்காஷயர்ல மில்லும் மூடிக்கிட்டு இருந்துச்சு. இதுல ஒரு வேடிக்கை. மில்ல மூட வெச்ச போட்டிக்கு மிஷின் வித்ததே ஓல்டாம்காரன்தான். 1930-கள்ல பைக்காரா மின்சாரம் வந்து கோயமுத்தூர்ல மில்லு மில்லா மொளைச்சப்போ, ஓல்டாம்லேருந்து மிஷின் கப்பல் ஏறுச்சு. 1931 செப்டம்பர்ல காந்தி லங்காஷயர் வந்து டார்வன்ல வேலை போன மில்லுக்காரங்களப் பாத்தார். அந்நியத் துணி பகிஷ்காரத்தால அடி வாங்கினவங்க, ஆனா மரியாதையாத்தான் வரவேத்தாங்க. இதையெல்லாம் அப்பாகிட்டச் சொன்னப்போ ஆர்கன் சத்தத்துக்கு நடுவுல ஒரே வார்த்தைதான் சொன்னார்: "அவியளுக்கும் பாக்கி வர வேண்டியதிருந்திருக்கும்."

அன்னிக்கு ராத்திரி டிராம்ல ஏறி விளக்கு அலங்காரம் பாத்தோம். 1912-ல ஒரு இளவரசி வந்ததுக்குப் போட்டது, முதல் போர்ல நின்னு, 1925-ல மறுபடி ஆரம்பிச்சது. சீசன் முடிஞ்சு இருட்டு சீக்கிரம் வர்ற மாசங்கள்லயும் ஜனத்தப் பிடிச்சு வெக்கிற தந்திரம். கரையோரமா ஆறு மைல் நீளத்துக்கு எரியுது. ஈரத் தரையில பட்டு ரெண்டா எரியுது. அப்பாவுக்கு வயரிங் எப்படிப் போட்டிருப்பாங்கங்கறதுதான் கவலை.

மூணாம் நாள் காலைல வானிலை அறிக்கை பொய்யாப் போச்சு. சுள்ளுன்னு வெயில். ஒரு மணி நேரத்துல கடற்கரை முழுக்க சட்டையக் கழட்டிட்டு வெள்ளைக்காரங்க படுத்துட்டாங்க. நான் குஷியா, "கெளம்புங்க கெளம்புங்க"ன்னேன். அம்மா வெளிய ஒரு எட்டு வெச்சுப் பாத்துட்டு, முந்தானையத் தலைக்குப் போட்டுக்கிட்டு உள்ள வந்துட்டாங்க.

"வெய்ய வந்துருச்சு கண்ணு. இனி இங்க என்ன வேலை? அப்பா கேட்ட ஊருக்குப் போலாம்."

பதினோரு மணி ரயில்ல ஓல்டாமுக்குக் கெளம்பிட்டோம்.